சிறு படகுகள் கவிழாமல் நிற்பது எப்படி?

உலக மொழிகளுக்குத் தமிழ் தந்த சொற்களுள் ‘கட்டுமரம்’ என்பது ஒன்று. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலில் சோழமண்டலக் கரையில் கண்ட இந்த மிதவையைப் பற்றி எழுதினார். அதன் பின் அச்சொல் ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆகிக் கப்பல் கட்டுவோர் அனைவருக்கும் பழக்கமாகி விட்டது. ஆனால் இன்று வெளிநாட்டார் அப்பெயரால் குறிப்பிடுவது நம் கட்டுமரத்தை அல்ல. இரண்டு ஒல்லியான உடல்களை இடைவெளி விட்டுக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த படகைத்தான் அப்படி அழைக்கிறார்கள். பெயரை மட்டும் எடுத்துக் கொண்டு பொருளை மாற்றி விட்டார்கள் என்று நாங்கள் முதலில் நினைத்தோம். ஆராய்ந்து பார்த்தபோது, இரண்டுக்கும் ஓர் உறவு இருப்பது தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன் வேறு சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுங்குவார்சத்திரத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோழியர் கேட்கலாம். இங்கே நாம் பார்ப்பதெல்லாம் ஏரிகள், நெடுஞ்சாலை, தொழிற்சாலைப் பேருந்துகள், புதிய கார்களை அடுக்கிச் செல்லும் நீண்ட லாரிகள். ஆனால் எங்கள் வகுப்பில் விடுதியில் தங்கிப் படிப்பவர்களுள் ஒருத்தி கடலூர்ப் பக்கத்து மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவள். அவளுடைய தாத்தா நாற்பது வருடம் கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். அப்பாவிடம் இருப்பது மோட்டார் பொருத்திய ஃபைபர் படகு. “கட்டுமரத்தில் போனவன் நனைந்து வருவான், உங்கள் படகில் போகிறவன் நனையாமல் போய்க் கவிழ்ந்து வருவான்” என்று தாத்தா கேலி செய்வாராம். “கட்டுமரத்தில் நீங்கள் பிடித்த மீன் எவ்வளவு, நான் பிடிக்கிற மீன் எவ்வளவு?” என்று அப்பா திருப்பிக் கேட்பாராம். கேலி ஒரு புறம் இருக்க, சென்ற வருடம் கரைக்கு அருகிலேயே அந்தப் படகு கவிழ்ந்து வலை பாழாகி விட்டது. நால்வரும் நீந்திக் கரை சேர்ந்தார்கள். ஃபைபர் படகு கட்டுமரத்தைக் காட்டிலும் அகலமானது, உயரமானது. பார்ப்பதற்கும் அதுவே பத்திரமாகத் தோன்றுகிறது. அப்படியானால் தாத்தா சொல்வது எப்படிச் சரியாகும்? இந்தக் கேள்விதான் எங்கள் ஐந்து பேரையும் விஞ்ஞான ஆசிரியையான சகோதரியிடம் கொண்டு போய் நிறுத்தியது.

முதலில் நம் சாலையில் போகும் லாரியையே எடுத்துக் கொள்வோம். லாரியின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொள்ளலாம். அதுவே ஈர்ப்பு மையம். அதிலிருந்து கீழே ஒரு தூக்கு நூலைத் தொங்க விட்டால், அந்த நூல் இரு பக்கச் சக்கரங்களுக்கு நடுவே விழும் வரை லாரி கவிழாது; சக்கரத்தைத் தாண்டி வெளியே விழுந்தால் கவிழும். வைக்கோல் லாரி வளைவில் சாய்வதும், இரும்புத் தகடு ஏற்றிய லாரி சாயாமல் போவதும் இதனால்தான். முன்னதில் மையம் உயரத்தில் இருக்கிறது. பின்னதில் தாழ்ந்து இருக்கிறது.

படகுக்கும் ஈர்ப்பு மையம் உண்டு. ஆனால் படகுக்குச் சக்கரம் கிடையாது. அதைத் தாங்குவது தண்ணீர். படகு ஒதுக்கிய நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேல் நோக்கித் தள்ளுகிறது என்று ஆர்க்கிமிடீசின் தத்துவத்தில் படித்திருக்கிறோம். அந்த விசை செயல்படும் இடம் மிதப்பு மையம். படகின் எந்தப் பகுதி நீருக்குள் இருக்கிறதோ அதன் நடுப்புள்ளியே அது. லாரியின் சக்கரங்கள் இடம் மாறுவதில்லை. படகின் மிதப்பு மையமோ மாறிக்கொண்டே இருக்கிறது. படகு வலப்புறம் சாய்ந்தால் வலப்புறத்தில் அதிகப் பகுதி நீருக்குள் போகிறது. உடனே மிதப்பு மையமும் வலப்புறம் நகர்ந்து, சாய்ந்த பக்கத்துக்குக் கீழே போய் நின்றுகொண்டு அதை மேலே தள்ளுகிறது. தடுமாறுகிற குழந்தை எந்தப் பக்கம் விழப் போகிறதோ அந்தப் பக்கம் ஓடிப் போய்த் தாங்கும் தாயைப் போல என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். தாய் எவ்வளவு தூரம் ஓட முடியும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சாய்ந்த படகில் மிதப்பு மையத்திலிருந்து செங்குத்தாக மேலே ஒரு கோடு வரைந்தால், அது படகின் நடுக்கோட்டை ஓரிடத்தில் வெட்டும். அந்த இடத்துக்கு ‘மெட்டா சென்டர்’ என்று பெயர். நாம் அதை மெட்டா மையம் என்று சொல்லிக் கொள்வோம். ஈர்ப்பு மையம் இதற்குக் கீழே இருந்தால், சாய்ந்த படகு நிமிரும். மேலே இருந்தால், சாய்ந்தது மேலும் சாயும். இந்தப் புள்ளியைக் கண்டு கூறியவர் பியர் பூகேர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. பூமியின் வடிவத்தை அளப்பதற்காகத் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதிக்குப் போய்ப் பல வருடங்கள் தங்கியவர் அவர். கடலை விட்டு விலகி மலைமேல் இருந்தவர் கப்பலைப் பற்றி யோசித்திருக்கிறார் என்பது சுங்குவார்சத்திரத்துக்காரர்களாகிய எங்களுக்குத் தைரியம் தந்தது! அவருடைய நூல் 1746-இல் வெளிவந்தது.

அதற்கு முன் கப்பல் கட்டியவர்கள் அனுபவத்தையே நம்பினார்கள். சுவீடன் நாட்டு அரசரின் ‘வாசா’ என்ற போர்க்கப்பலில் 64 வெண்கலப் பீரங்கிகளை இரண்டு தளங்களில் ஏற்றினார்கள். புறப்படுவதற்கு முன் முப்பது பேரை மேல்தளத்தில் இப்புறமும் அப்புறமும் ஓடச் செய்து பார்த்தார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு பயந்து மூன்றாவது ஓட்டத்தோடு நிறுத்தி விட்டார்கள். ஆனாலும் பயணத்தை நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்டு 10-ஆம் நாள் துறைமுகத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் கூடப் போகாமல் ஒரு காற்றில் சாய்ந்து மூழ்கியது. 1961-இல் அதைத் தூக்கி எடுத்து இன்று காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மேலே அதிக எடை, கீழே போதாத அகலம். அதுவே அதன் கதை.

இனி அகலத்துக்கு வருவோம். படகு சாயும்போது ஒரு பக்கம் ஆப்பு வடிவில் ஒரு பகுதி நீருக்குள் போகிறது. மறு பக்கம் அதே அளவு ஆப்பு வெளியே வருகிறது. படகின் அகலத்தை இரு மடங்காக்கினால் அந்த ஆப்பின் நீளம் இரு மடங்கு. ஓரத்தில் அதன் உயரமும் இரு மடங்கு. ஆகவே ஆப்பின் பருமன் நான்கு மடங்கு ஆகிறது. அத்தோடு, அந்த ஆப்பு நடுக்கோட்டிலிருந்து இரு மடங்கு தூரத்தில் இருக்கிறது. ஏற்றப் பலகையில் தூரமாக உட்கார்ந்தவருக்கு வலு அதிகம் அல்லவா? எனவே மொத்தத்தில் நிமிர்த்தும் வலு எட்டு மடங்காகிறது. நீளத்தை இரு மடங்காக்கினாலோ அது இரண்டே மடங்குதான் ஆகும். அகலம் மும்மடிக் கணக்கில் வேலை செய்கிறது. நீளம் ஒற்றைக் கணக்கில். இதைப் புரிந்து கொண்ட அன்று எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். எளிமைக்காகப் படகைப் பெட்டி வடிவம் என்று வைத்துக் கொண்டோம். நீளம் 6 மீட்டர், அகலம் 1 மீட்டர், ஆட்களோடும் வலையோடும் சேர்த்து எடை 1,500 கிலோ. இது 25 செ.மீ. அமிழும். மெட்டா மையம் அடித்தட்டிலிருந்து ஏறக்குறைய 46 செ.மீ. உயரத்தில் அமைகிறது. அதே எடையுள்ள படகை 20 செ.மீ. மட்டும் அகலப்படுத்தி 1.2 மீட்டர் ஆக்கினால், மெட்டா மையம் 68 செ.மீ. உயரத்துக்குப் போய் விடுகிறது. ஈர்ப்பு மையம் 40 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒடுக்கமான படகில் மிச்சம் இருப்பது 6 செ.மீ. தான், அகலமான படகில் 28 செ.மீ. இருக்கிறது.

அந்த 6 செ.மீ. எவ்வளவு சீக்கிரம் தீர்ந்து விடும் என்பதையும் பாருங்கள். அறுபது கிலோ எடையுள்ள நான்கு பேர் படகில் உட்கார்ந்திருக்கிறார்கள். வலை இழுப்பதற்காக நால்வரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவருடைய ஈர்ப்பு மையமும் 40 செ.மீ. உயர்ந்தால், படகின் மொத்த ஈர்ப்பு மையம் 6 செ.மீ.க்குச் சற்று அதிகமாக உயரும். அவ்வளவுதான்; முடிந்தது. “படகில் எழுந்து நிற்காதே” என்று பெரியவர்கள் அதட்டுவது வெறும் அதட்டல் அல்ல.

அப்படியானால் எல்லாப் படகுகளையும் அகலமாகவே கட்டி விடலாமே என்று தோன்றும். கட்டலாம், ஆனால் அகலமான படகைத் தள்ளுவதற்கு வலு அதிகம் வேண்டும். துடுப்பும் பாயும் இருந்த காலத்தில் ஒடுங்கிய நீண்ட படகுதான் வேகமாகப் போயிற்று. மேலும், மிக அகலமான படகு அலையின் சரிவோடு ஒட்டிக்கொண்டு தானும் சாயும்; வெடுக்கென்று திரும்பும். அதில் நின்று வேலை செய்பவர் தூக்கி எறியப்படுவார். ஒவ்வொரு கரையும் தனக்கு ஏற்ற ஒரு நடுவழியைக் கண்டு பிடித்திருக்கிறது.

இங்கே நம் விவிலியத்தில் வரும் கடலையும் நினைத்துக் கொள்ளலாம். 1986-ஆம் ஆண்டு தொடக்கத்தில், மழையின்மையால் கலிலேயாக் கடலின் நீர் வற்றியபோது, கரைச் சேற்றில் ஒரு பழைய மீன்பிடி படகு கிடைத்தது. ஏறத்தாழ இயேசுநாதரின் காலத்தது என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். அதன் நீளம் 8 மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 2.3 மீட்டர். அதாவது நீளம் அகலத்தைப் போல மூன்றரை மடங்குதான். நம் கரையின் படகுகளோடு ஒப்பிட்டால் அது நல்ல அகலம். இராயப்பரும் யோவானும் இது போன்ற படகில்தான் தொழில் செய்திருப்பார்கள். லூக்காஸ் எழுதிய நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், மீன் மிகுதியால் இரண்டு படகுகளும் அமிழும் நிலைக்கு வந்ததை வாசித்திருக்கிறோம். அதை அற்புதமாக மட்டும் பார்த்து வந்த நாங்கள், இப்போது படகுக்காரர் கண்ணாலும் பார்த்தோம். அகலமான படகும் பாரத்தால் தாழ்ந்து விட்டால் ஆபத்துதான்.

ஏன் என்று அதே கணக்கிலிருந்து சொல்லலாம். 1.2 மீட்டர் அகலமுள்ள நம் படகின் பக்கப் பலகை அடியிலிருந்து 50 செ.மீ. உயரம் என்று கொண்டால், நீருக்கு மேல் 29 செ.மீ. தெரியும். அந்தப் படகு சுமார் 26 பாகை சாய்ந்த பிறகுதான் விளிம்பு நீரைத் தொடும். 720 கிலோ மீனை அள்ளிப் போட்டால் படகு இன்னும் 10 செ.மீ. தாழும். அப்போது சுமார் 18 பாகையிலேயே விளிம்பு நீருக்குள் போய் விடும். விளிம்பு முழுகிய பிறகு மிதப்பு மையம் அந்தப் பக்கம் நகர்வதற்கு இடமில்லை. தாய் சுவரில் முட்டிக் கொண்டாள்! அகலம் கொடுக்கும் வலு, பக்கப் பலகை நீருக்கு வெளியே இருக்கும் வரைதான்.

படகின் நிலையைக் கணக்கில்லாமல் அறிய ஓர் எளிய வழி உண்டு. அமைதியான நீரில் படகை ஒரு புறம் அழுத்தி விட்டு, அது ஆடும் ஆட்டத்தை எண்ண வேண்டும். வேகமாக ஆடினால் நிமிரும் வலு அதிகம். ஊஞ்சல் போல மெதுவாக, சுகமாக ஆடினால் ஆபத்து அருகில் இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் கணக்குப் படகுகளில் அகலமானது போய் வர இரண்டு விநாடிக்குள்ளும், ஒடுக்கமானது மூன்று விநாடிக்கு மேலும் எடுக்கும். தோழி இதைத் தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னாள். அவர் உப்பனாற்றில் படகைக் கட்டியிருந்த நேரத்தில் ஆட்டி எண்ணிப் பார்த்து, இருபது ஆட்டத்துக்கு நாற்பது விநாடி என்றார். வலையும் பனிக்கட்டிப் பெட்டியும் ஏற்றிய பிறகு எவ்வளவு என்று கேட்டதற்கு, “பரீட்சைக்குப் படி” என்று சொல்லி விட்டாராம்.

இப்போது கட்டுமரத்தைப் பார்ப்போம். சென்னை மாகாணத்தில் மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்பவர் நம் கரைப் படகுகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்து 1920-இல் எழுதியிருக்கிறார். கட்டுமரம் ஊருக்கு ஊர் வேறுபடும். பொதுவாகச் சொன்னால், எடை குறைந்த மரங்கள் சிலவற்றைச் செதுக்கி, முன்பக்கமாகிய அணியத்தைச் சற்றே தூக்கி அமைத்து, கயிற்றால் சேர்த்துக் கட்டியது. ஆணி இல்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் காய வைப்பார்கள். ஏனெனில் நீர் ஊறிய மரத்துக்கு மிதக்கும் சக்தி குறைவு.

இதன் அகலம் ஒரு மீட்டர் அளவே. நம் கணக்கின்படி இது அபாயமான அகலம் அல்லவா? ஆனால் இதில் போகிறவர்கள் கிட்டத்தட்ட நீர்மட்டத்திலேயே மண்டியிட்டு அல்லது உட்கார்ந்து போகிறார்கள். அமிழும் ஆழமும் மிகக் குறைவு. ஈர்ப்பு மையம் தாழ்ந்து விடுவதால், அந்த அகலமே போதுமானதாகி விடுகிறது. அலை மரங்களின் மேலேறி, இடுக்குகள் வழியே வடிந்து விடும். ஒரு வேளை புரண்டு விட்டாலும் மரம் மரமாகவே மிதக்கும். திருப்பிப் போட்டு ஏறிக் கொள்ளலாம். தாத்தா சொன்ன ‘நனைந்து வருவான்’ என்பதில் ‘வருவான்’ என்ற சொல்லுக்கு எவ்வளவு பொருள் இருக்கிறது!

நம் கரைக்கு இப்படி ஒரு மிதவை ஏன் தேவைப்பட்டது? சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் அரிது. மணல் கரை, அதை ஒட்டியே உடையும் அலைகள். படகைக் கையால் தள்ளி அலையைத் தாண்ட வேண்டும். திரும்பி வந்ததும் மணலில் இழுத்துப் போட வேண்டும். பாய்மரக் கப்பல்களைப் போல அடியில் ஈயத்தையோ கல்லையோ வைத்து ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்தலாம் என்றால், அந்தப் பாரத்தை யார் இழுப்பது? ஆழமான அடிக்கட்டை வைத்தால் மணலில் தட்டும். ஆகவே எடையால் அல்லாமல் வடிவத்தால் மட்டுமே படகு நிற்க வேண்டியதாயிற்று. சென்னைத் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் கப்பலிலிருந்து ஆட்களையும் சாமான்களையும் கரை சேர்த்த மசூலாப் படகும் இதே நிர்ப்பந்தத்தில் பிறந்ததுதான். அகன்ற தட்டையான அடி, உயர்ந்த பக்கங்கள், பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்த உடல். அலை மோதி மணலில் விழுந்தாலும் பலகைகள் உடையாமல் நெளிந்து கொடுக்கும்.

இலங்கையின் தென்மேற்குக் கரையில் இதற்கு வேறொரு விடை கண்டார்கள். அங்கே ‘ஓருவா’ என்னும் படகின் உடல், உள்ளே மனிதர் கால் வைக்க இடம் உண்டா என்று ஐயுறும் அளவுக்கு ஒடுக்கமானது. தனியே விட்டால் உடனே கவிழும். ஆனால் இரண்டு வளைந்த கம்புகளை வெளியே நீட்டி, அவற்றின் முனையில் ஒரு மிதவைக் கட்டையைக் கட்டியிருக்கிறார்கள். உடல் ஒடுக்கமாக இருப்பதால் வேகம். கைகள் நீண்டிருப்பதால் அகலம். இனி முதலில் சொன்ன வெளிநாட்டுக் கேட்டமரானைப் பாருங்கள். அதுவும் இதே தந்திரம்தான். இரண்டு ஒல்லியான உடல்களை விலக்கி வைத்து, நடுவில் தண்ணீரை விட்டு விட்டு, அகலத்தின் பலனை மட்டும் எடுத்துக் கொள்கிறது. பல உடல்களைச் சேர்த்துக் கட்டுவது என்ற அளவில் அது நம் கட்டுமரத்துக்கு உறவுதான்; தூரத்து உறவு.

சரி, ஃபைபர் படகு ஏன் கவிழ்ந்தது? இதற்கு விடை தேட நாங்கள் ஒரு பரிசோதனை செய்தோம். கடைத்தெருவில் தகர வேலை செய்யும் பெரியவர் எங்களுக்கு 30 செ.மீ. நீளமுள்ள இரண்டு தகரப் பெட்டிகள் செய்து கொடுத்தார். ஒன்றின் அகலம் 5 செ.மீ., மற்றதன் அகலம் 10 செ.மீ. விடுதிச் சமையலறையின் பெரிய அண்டாதான் எங்கள் கடல். (துலக்கித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு சமையலறைச் சகோதரி கொடுத்தார்.) இரண்டிலும் ஒரே எடை மணல் போட்டு, நடுவே ஒரு குச்சி நட்டு, அதில் களிமண் உருண்டையைச் சிறிது சிறிதாக மேலேற்றினோம். ஒடுக்கப் பெட்டி சீக்கிரமே கவிழ்ந்தது. அகலப் பெட்டி உருண்டை குச்சியின் உச்சிக்குப் போன பிறகும் அசையவில்லை. இது எதிர்பார்த்ததே.

பிறகு சகோதரி அகலப் பெட்டியிலிருந்த மணலைக் குறைக்கச் சொல்லி, அதற்குப் பதில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றச் சொன்னார். எடை முன்போல்தான், தண்ணீரும் அடித்தட்டில்தான் கிடந்தது. ஆனால் பெட்டி நேரே நிற்க மறுத்து ஒரு பக்கமாய்ச் சாய்ந்தே கிடந்தது. நிமிர்த்தி விட்டால் மறு பக்கம் சாய்ந்தது. விரலால் லேசாகத் தொட்டதும் விளிம்பு வழியே நீர் புகுந்து அண்டாவின் அடிக்குப் போய் விட்டது. அத்தனை நேரம் அசையாமல் நின்ற பெட்டியா இது என்று எங்களுக்கு வியப்பாக இருந்தது.

காரணம் இதுதான். படகு சாய்ந்தவுடன் உள்ளே இருக்கும் நீர் ஆப்பு வடிவில் அதே பக்கம் ஓடுகிறது. வெளியே இருக்கும் நீரின் ஆப்பு படகைத் தூக்குகிறது. உள்ளே இருக்கும் நீரின் ஆப்பு அதை அழுத்துகிறது. இரண்டுக்கும் அகலம் ஒன்றே. இரண்டும் மும்மடிக் கணக்கில்தான் வேலை செய்கின்றன. ஆகவே படகின் முழு அகலத்துக்கும் நீர் பரவி நின்றால், அகலத்தால் கிடைத்த வலு ஏறத்தாழ முழுவதும் போய் விடுகிறது. எவ்வளவு ஆழம் நீர் நிற்கிறது என்பதை விட, எவ்வளவு அகலம் பரவியிருக்கிறது என்பதே முக்கியம். கரைக்கு அருகில் பின்னால் வந்து உடையும் ஓர் அலை படகுக்குள் கொட்டி விட்டால், அடுத்த அலை வருவதற்குள் அந்தப் படகு நாம் கணக்குப் போட்ட படகாக இருப்பதில்லை. தோழியின் அப்பாவுடைய படகுக்கும் இதுவே நடந்தது. முதல் அலை உள்ளே விழுந்தது. இரண்டாவது அலைதான் கவிழ்த்தது.

கட்டுமரத்துக்கு ‘உள்ளே’ என்பதே கிடையாது. அதனால் அதற்குள் நீர் நிற்பதும் கிடையாது. தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் நடந்த வழக்கில் எங்கள் தீர்ப்பு இது: சாதாரண ஆட்டத்தில் ஃபைபர் படகு நன்றாக நிற்கும், நீர் புகுந்த பிறகு கட்டுமரமே நிற்கும். ஆனால் அப்பா பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டாரை மாட்டிக்கொண்டு தூரக் கடலுக்குப் போய், கிலோக் கணக்கில் பனிக்கட்டியும் வலையும் ஏற்றி, இரவெல்லாம் குளிரில் நனையாமல் வேலை செய்வதற்குக் கட்டுமரம் உதவாது. நல்ல மரமும் இன்று எளிதில் கிடைப்பதில்லை. அந்தக் காலத்து வாழ்க்கையைப் பெருமையாகப் பேசுகிற நாம் யாரும் அந்தக் குளிரில் உட்கார்ந்ததில்லை.

இரண்டின் நன்மையையும் ஒன்றாக்க முயன்றவர்கள் உண்டு. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலைக்கரையில் இறங்கி ஏறக்கூடிய சிறு படகுகளைப் பல வருடம் சோதித்துப் பார்த்தது. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவைச் சங்கத்தோடு சேர்ந்து, பெல்ஜியம் நாட்டுப் பொறியாளர் பியர் ஜிலே ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். அந்த அனுபவத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1985-இல் வந்தது. சிறியதைச் செய்வது எளிதல்ல என்ற பொருள்படும் தலைப்பை அவர் அதற்கு வைத்திருக்கிறார். வரைபடத்தில் நன்றாக இருக்கும் படகு, கரையில் இழுக்கும்போது கனமாக இருந்தால் மீனவர் அதைத் தொட மாட்டார்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பிறகு, இழந்த மரங்களுக்கும் படகுகளுக்கும் ஈடாக ஏராளமான ஃபைபர் படகுகள் அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்டன. நல்ல மனத்தோடு கொடுத்தவைதான். எனினும் எல்லாம் ஒரே தரமாக இல்லை. பக்கச் சுவர் மெல்லியவையும், மிதவைப் பொருள் போதிய அளவு அடைக்காதவையும் அவற்றில் இருந்தன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு மிதந்து பிழைத்தவர்கள் இருந்தார்கள். பலர் திரும்பி வரவில்லை. அந்தப் புயலில் எந்தச் சிறு படகும் நேராக நின்றிருக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கவிழ்ந்த படகு மிதக்கிறதா, அடிக்குப் போகிறதா என்பது அதைக் கட்டியவர் கையில் இருந்தது.

ஆகவே செய்யக் கூடியவை எவை என்று சகோதரி எங்களைக் கேட்டார். தகரப் பெட்டியிலேயே சிலவற்றைச் செய்து பார்த்தோம். பெட்டியின் நடுவே நீளவாக்கில் ஒரு தடுப்பு வைத்து, இரு அறைகளிலும் சமமாக அதே டம்ளர் தண்ணீரை ஊற்றினோம். பெட்டி சாயாமல் நின்றது. அகலம் பாதியானால் ஒவ்வோர் அறையின் கெடுதலும் எட்டில் ஒரு பங்காகிறது. இரண்டு அறையும் சேர்ந்தால் நான்கில் ஒரு பங்கு. ஒரே ஒரு பலகை முக்கால் பங்கு ஆபத்தை நீக்கி விடுகிறது! ஆனால் குறுக்குவாக்கில் வைத்த தடுப்பு அவ்வளவு உதவவில்லை. நீர் பக்கவாட்டில் ஓடுவதை அது தடுப்பதில்லை. அடுத்து, பெட்டியின் இரு பக்க ஓரங்களிலும் தெர்மோகோல் துண்டுகளை ஒட்டி வைத்தோம். நீர் பரவும் அகலம் குறைந்தது. நிறைய நீர் ஊற்றியும் பெட்டி அடிக்குப் போகவில்லை. ஃபைபர் படகில் உட்காரும் பலகைகளின் அடியிலும் பக்கங்களிலும் மிதவைப் பொருளை அடைத்து மூடுவது இதற்காகத்தான். காசு மிச்சம் பிடிக்கச் சிலர் முதலில் விட்டு விடுவதும் இதைத்தான் என்று தோழி சொன்னாள். வெளியே தெரியாத இடம் அல்லவா?

இப்போது நம் கரையில் ஃபைபர் கட்டுமரம் என்று ஒன்று ஓடுகிறது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே போகிறவர்கள் மணலில் அதைப் பார்க்கலாம். மேலே மூடிய தட்டு, வடிவம் பழைய கட்டுமரம் போல. உள்ளே மரத்துக்குப் பதில் தெர்மோகோல். அலை ஏறினால் ஓடி வடிந்து விடும். மரத்தைப் போல ஊறாது. அவிழ்த்துக் காய வைக்கவும் வேண்டாம். பின்னால் சிறிய மோட்டார் மாட்டிக் கொள்ளலாம். தோழியின் தாத்தா அதைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்து விட்டு, “கட்டே இல்லாததற்குக் கட்டுமரம் என்று பெயரா?” என்று கேட்டாராம்.